சுண்ணாம்புக் கடையில் கேட்டால் மேட்ச் தேதி தெரியும்

போன புதன்கிழமை மத்தியானம், நாற்பது பேர் கூடி நின்று ஒரு சுவருக்கு வெள்ளையடிப்பதை வேடிக்கை பார்த்தோம்.

சும்மா இல்லை. கையில் கடலைப் பொட்டலம், தட்டுவதற்கு ஒரு தகர டப்பா, ஆள் உயரத்துக்கு ஒரு சம்பங்கி மாலை... இத்தனை ஏற்பாட்டோடு!

திண்டுக்கல்லில் ஜனங்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையெல்லாம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். ஃபுட்பால் மேட்ச் பார்க்க.

நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அவர்களே யாருக்கும் எதையும் சொல்வதில்லை, நான் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? இந்த வருஷம் அவர்களுடைய ஃபுட்பால் டீம் பிரமாதம். மண்டிக்காரர்கள், மளிகைக் கடைக்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று ஊரில் பாதிப் பேர் அந்த டீமுக்கு ரசிகர்கள். எங்களுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். மேட்ச் என்றைக்கு, எங்கே என்று தெரியாது!

கல்லூரியின் விளையாட்டு இலாகா அதை ஒரே ஓர் இடத்தில்தான் அறிவிக்கும். உள்ளே, காரிடாரின் கடைசியில், கண்ணாடிக் கதவு போட்ட நோட்டீஸ் போர்டில். இங்கிலீஷில் டைப் அடித்து, பிரின்சிபால் இனிஷியல் போட்டு, பூட்டி வைத்திருப்பார்கள்.

ஒரு தடவை நானே நேரில் போனேன்.

“யாரைப் பாக்கணும்?” என்றார் வாட்ச்மேன்.

“நோட்டீஸ் போர்டைப் பார்க்கணும்.”

“அதப் பாக்க ஸ்டூடன்டா இருக்கணும் சார்.”

எனக்கு நாற்பத்தாறு வயது. திரும்பி வந்துவிட்டேன்.

பிறகு ஒரு மண்டியில் கெஞ்சிக் கேட்டு டெலிபோன் போட்டேன். எடுத்தவர், “விளையாட்டு விஷயமெல்லாம் எழுத்து மூலம் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சரி, எழுத்து மூலமே கேட்போம் என்று ரிப்ளை கார்டு போட்டேன். பதில் வந்தது! வராமல் போகவில்லை. ‘தங்கள் கார்டு கிடைத்தது. விவரங்களை நோட்டீஸ் போர்டில் காண்க.’

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? சுண்ணாம்புக் கடைக்குப் போவான். நான் போனேன்.

காதர் பாயின் சுண்ணாம்புக் கடையைத் தெரியாதவர்கள் ஊரில் குறைவு. தோல் பதனிடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு இல்லாமல் ஒரு நாள் ஓடாது. அவர்களில் பாதிப் பேர் பாயிடம்தான் வாங்குகிறார்கள். பாய்க்கு ஃபுட்பால் என்றால் உயிர். கல்லூரி மைதானத்தில் கோடு போடுவதற்கும் அவர் கடைச் சுண்ணாம்புதான். மேட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம், அட்டெண்டர் மாரிமுத்து சைக்கிளில் வந்து இரண்டு கூடை வாங்கிக்கொண்டு போவார். மாரிமுத்து தெருமுனை திரும்புவதற்குள் பாய் பக்கத்துக் கடைக்குச் சொல்லிவிடுவார். விளக்கு வைப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

வெளியூர் மேட்ச் என்றால் மட்டும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வெளியூர்ச் சுண்ணாம்பு!

பாய் கடையில்தான் எனக்குப் பெருமாள்சாமி பழக்கமானார். வடமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் பூந்தோட்டம் வைத்திருக்கிறவர். அவர் மகன் சுந்தரம்தான் எங்கள் டீமின் கோல்கீப்பர். பி.ஏ. கடைசி வருஷம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். “பந்து பொறுக்குறதுக்கா படிக்க அனுப்புனேன்” என்று முதலில் அவரும் கோபித்துக்கொண்டவர்தான். அப்புறம் ஒருநாள் பூ மார்க்கெட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர், “அந்தக் கோல்கீப்பர் பையன் மட்டும் இல்லேன்னா நம்ம கதை கந்தல்” என்று பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறார். அன்றைக்கே அவருக்கு ஆசை வந்துவிட்டது. மகன் ஆடுவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்து, தன் தோட்டத்துப் பூவில் கட்டிய மாலையை அவன் கழுத்தில் போட வேண்டும்.

இது ஒரு பெரிய ஆசையா? இல்லையே! ஆனால் மூன்று தடவை வந்து மூன்று தடவையும் ஏமாந்தார்.

முதல் தடவை, மகன் போட்ட கார்டு ஆட்டம் முடிந்த மறுநாள் போய்ச் சேர்ந்தது. இவர் தேதியைக் கவனிக்காமல் மாலையோடு கிளம்பி வந்துவிட்டார். இரண்டாவது தடவை தேதியை மாற்றிவிட்டார்கள். மாற்றியதை போர்டில் போட்டார்களாம். மூன்றாவது தடவை பாய் சொல்லி அனுப்பி, சரியான நாளில்தான் வந்தார். ஆனால் நாலரை மணி ஆட்டத்தை இரண்டு மணிக்கே ஆடி முடித்துவிட்டார்கள். மைதானத்தில் கோடு இருந்தது. நாலைந்து மாடு மேய்ந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு தேதியைச் சொல்லும், மணியைச் சொல்லாதே!

மூன்று மாலையும் கல்லூரி வாசலில் இருக்கும் பிள்ளையாருக்குப் போயின. அவர் எந்த மேட்ச் ஆடினார் என்று தெரியவில்லை.

மகன் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். மகனுக்கே தெரிந்தால்தானே? டீமுக்கே பல சமயம் காலையில்தான் சொல்வார்களாம்.

இப்போது பாக்கி இருந்தது ஒரே ஒரு மேட்ச். பழனிக் கல்லூரியோடு. அதோடு சுந்தரத்தின் ஃபுட்பால் முடிந்தது. அப்புறம் பரீட்சை, வேலை என்று போய்விடுவான். பெருமாள்சாமி பாய் கடையில் உட்கார்ந்து, “இதையும் விட்டா அம்புட்டுத்தான் சார்” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். “இந்தத் தடவை நான் பொறுப்பு, நீங்கள் கவலையே படாதீர்கள்” என்று மார் தட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“சார், நாளைக்கு மேட்ச்சு! மாரிமுத்து வந்துட்டுப் போயிட்டாரு. சாதாரண மேட்ச்சு இல்ல சார்... நாலு கூட சுண்ணாம்பு!”

“நாலா?”

“நாலு! நீலமும் வாங்கியிருக்காரு. கோட்டுக்கே நீலம் கலக்குறாங்கன்னா பாத்துக்கங்க. கலெக்டரு வந்தாலும் வருவாரு.”

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு என் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்து கொடுக்கிறவனே நான்தான். அப்படியும் வரவில்லை! ஆசை வந்துவிட்டால் அறிவு எழுந்து வெளியே போய்விடுகிறது. வடமதுரை பஸ் கண்டக்டரிடம் பெருமாள்சாமிக்குச் சொல்லி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

மணியையும் கோட்டை விட்டுவிடக் கூடாது என்று மறுநாள் ஒரு மணிக்கே எல்லாரும் மைதானத்துக்கு வந்துவிட்டோம். பெருமாள்சாமி சலவை வேட்டி கட்டி, மாலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இரண்டரைக்கு மாரிமுத்து வந்தார். அவருக்குப் பின்னால் ஓர் ஏணி வந்தது. ஏணிக்குப் பின்னால் சுண்ணாம்படிக்கும் மட்டையும் வாளியுமாக இரண்டு ஆட்கள்.

“மாரிமுத்து, கோடு எப்பப்பா போடுவ?” என்றார் பாய்.

“என்ன கோடு பாய்? யுனிவர்சிட்டிலேருந்து பெரிய மனுசங்க வாராங்க. காம்பவுண்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டாரு பிரின்சிபாலு.”

“அப்ப மேட்ச்சு?”

“அது பழனியிலதான! பயலுக காலையிலேயே லாரியில போயிட்டாங்க. நாலரைக்கு ஆட்டம். போர்டுல போட்டிருந்துச்சே, பாக்கலையா?”

மட்டை மேலே போய்க் கீழே வந்தது. நாற்பது பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல வேலைக்காரர்கள், குறை சொல்ல முடியாது.

பெருமாள்சாமி மாலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையாரைப் பார்க்க நடந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “பிள்ளையார் எங்கேயும் போக மாட்டார். மூன்று மணிக்குப் பழனி பஸ் இருக்கிறது, வாருங்கள்!”

“இனிமே போயி எங்க சார்...”

“ஏறுங்கண்ணே, பேச நேரமில்ல” என்று பாய் ஒரு குதிரை வண்டியை மறித்துவிட்டார். நாற்பது பேரில் ஏழு பேர் இரண்டு வண்டிகளில் ஏறினோம். மீதிப் பேர் கடை திறக்கப் போய்விட்டார்கள். நியாயம்தான்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆனால் மாலையைப் பார்த்ததும் கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“பழனிக்குத்தானுங்களே?”

“ஆமாம்.”

“ஏனுங்க, சாமிக்குப் போற மாலைங்க, கொஞ்சம் எந்திரிங்க” என்று ஜன்னலோர சீட்டையே காலி பண்ணிக் கொடுத்துவிட்டார். பெருமாள்சாமி உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மிதித்தேன். நாங்கள் பொய் சொல்லவில்லையே? யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கல்லூரியிடம் ஏதாவது ஒன்றாவது கற்றுக்கொள்ள வேண்டாமா!

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரில் எந்த ஆபீஸும் எதையும் மறைப்பதில்லை. ரயில் நேரமா, ரேஷனா, பரீட்சை முடிவா... எல்லாவற்றையும் எழுதி மாட்டிவிடுகிறார்கள். மாட்டியதோடு வேலை முடிந்தது என்று ஆணியடித்தவர் வீட்டுக்குப் போய்விடுகிறார். யாராவது படித்தார்களா என்று திரும்பிப் பார்க்க மட்டும் ஆள் இல்லை. நானும் வாராவாரம் பத்திரிகையில் எழுதிவிட்டு அப்படித்தான் போகிறேனோ என்னவோ!

ஒட்டன்சத்திரத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். “செத்த நேரம்தான்” என்றார். அந்தச் செத்த நேரத்தில் பாய் பஸ்ஸைச் சுற்றி ஆறு தடவை நடந்தார்.

பழனி மைதானத்தில் நாங்கள் நுழைந்தபோது மணி ஐந்து இருபது.

“இப்பத்தான் வர்றீங்களா? ஆட்டம் முடியப் போகுதுங்க” என்றார் வாசலில் நின்றவர். “உங்க ஊரு ரெண்டுங்க. எங்க ஊரு சைபருங்க.”

ஓடினோம். கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றோம். அங்கே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான் சுந்தரம்.

பெருமாள்சாமி இரண்டு நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

“என்ன சார், சும்மா நிக்கிறான்?”

“பந்து அந்தப் பக்கம் இருக்கிறதே.”

“இந்தப் பக்கம் வராதா?”

“நம்ம டீம் நன்றாக ஆடுகிறதல்லவா... வராது.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாலை, நாலு பயணம். வந்து பார்த்தால் மகன் நிற்கிறான்! திடீரென்று கோல் வலையைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

“ஏப்பா பழனிக்காரங்களா! ஒரே ஒரு தடவ இந்தப் பக்கம் அடிங்கப்பா! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

உள்ளூர்க்காரர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். “அண்ணே, நாம எந்தக் கச்சின்னு மறந்துட்டீங்களா?” என்று பாய் கெஞ்சினார்.

பழனிக்காரர்கள் நல்லவர்கள். அடுத்த நிமிஷமே பந்தோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

“ஏலே சுந்தரம்! வருதுலே!”

சுந்தரம் திரும்பினான். பந்தைப் பார்க்க இல்லை, அப்பாவைப் பார்க்க! கண்ணை அகல விரித்து ஒரு சிரிப்புச் சிரித்தான். பந்து அவன் காதோரமாகப் போய் வலையில் விழுந்தது.

இரண்டுக்கு ஒன்று.

ஒரு கோல் போட்டதும் பழனிக்காரர்களுக்கு வெறி வந்துவிட்டது. அடுத்த பத்து நிமிஷம் பந்து எங்கள் பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. பெருமாள்சாமி கேட்டது கிடைத்தது. ஆனால் அவரைப் பார்க்க வேண்டுமே! தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தபடி நின்றார். தன்னால் மகன் தோற்றுவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு பயம். எனக்கும்தான். அழைத்து வந்தவன் நானாயிற்றே!

கடைசி நிமிஷம். பழனியின் சென்டர் ஃபார்வர்ட் கம்பத்தின் மூலையைப் பார்த்து ஓங்கி உதைத்தான். சுந்தரம் தரையோடு பாய்ந்தான். முழங்கை தேய்ந்து, சட்டையெல்லாம் புழுதி. பந்து மட்டும் அவன் நெஞ்சோடு இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் கத்திய கத்தலில் எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை. பெருமாள்சாமி துண்டை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணில் மட்டும் பொலபொலவென்று வழிந்துகொண்டிருந்தது.

மகன் கழுத்தில் அவர் மாலையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கல்லூரியின் ஃபிசிகல் டைரக்டர் விசிலும் கையுமாக வேகமாக வந்தார்.

“யாருய்யா அது, ஆட்டத்துக்கு நடுவுல கத்துனது?”

“நாந்தாங்க” என்றார் பெருமாள்சாமி. “இவன் அப்பன்.”

டைரக்டர் முகம் மாறிவிட்டது. நல்ல மனிதர். உண்மையாகவே வருத்தப்பட்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“சுந்தரத்தோட அப்பாவா! என்னங்க நீங்க... வாரேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை தெரிவிச்சிருக்கக் கூடாதா?”

“தப்புத்தாங்க” என்றார் பெருமாள்சாமி, முகமெல்லாம் சிரிப்பாக.

எனக்குத்தான் வாயடைத்துப் போய்விட்டது. அதனால்தான் இங்கே எழுதிவிட்டேன்.