பத்துப் பேர் சொல்லாமல் தின்ற ரொட்டி

ரொட்டியக்காவின் இரண்டு கைகளும் முழங்கை வரை மாவில் இருந்தன. பிசைவதென்றால் அவள் மேசையோடு சண்டைக்குப் போவாள். உள்ளங்கையின் அடியால் ஒரு தள்ளு, விரல்களால் ஒரு மடிப்பு, மாவைக் கால்வட்டம் ஒரு திருப்பு, மறுபடி தள்ளு. அவளுக்கு இரண்டடி பின்னால் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. நான் வீட்டின் மறுகோடியில் ஒரு பெரியவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே வரைக்கும் நாற்றம் வந்தது. பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தேன்.

அப்போதுதான் அவள் திரும்பினாள். "இப்பத்தான் வச்சேன் நர்சம்மா" என்றாள்.

பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. இப்போது வைத்த பால் அப்படி ஆகாது. வீட்டின் மறுகோடிக்கே வருகிற நாற்றத்தில் நின்றுகொண்டு ஒருத்தி நிம்மதியாக மாவு பிசைகிறாள் என்றால், காரணம் கவனக்குறைவு இல்லை. முப்பத்தொரு வருடம் பிறருடைய படுக்கையருகே நின்றவளுக்கு அவ்வளவாவது தெரியும்.

மேலே போகுமுன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முன்பு அச்சகமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம். அதில் பதினொரு பேர் இருக்கிறோம். இரண்டு தம்பதிகள், மற்றவர்கள் தனிக்கட்டைகள். கர்த்தர் பேரில் சேர்ந்தவர்கள்தான், ஆனால் இது மடமும் இல்லை, எங்களுக்கு அங்கியும் இல்லை. மெக்கானிக் காலையில் பட்டறைக்குப் போவார், அவர் மனைவி தையல்காரி முன்னறையில் இயந்திரம் மிதிப்பாள். எங்களைத் தவிர, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பப்பட்டு, அழைத்துப் போக ஆளில்லாத நான்கு பேர் பின்னறைக் கட்டில்களில் இருப்பார்கள். அவர்கள் என் பொறுப்பு.

எங்களைக் கட்டிவைத்திருப்பது ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஐந்து வாக்குகள். அதில் மூன்றாவது இது: இங்கே இல்லாதவரைப் பற்றி நாம் பேச மாட்டோம்; சொல்ல வேண்டியதை அவர் முகத்துக்கு நேரே சொல்வோம். நல்ல வாக்கு. இந்த ஒரு வாக்கால்தான் பதினொரு பேர் ஒரே சமையலறையில் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறோம் என்று நான் பெருமையாகச் சொல்லித் திரிந்ததுண்டு.

ரொட்டியக்கா என்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவள். இருந்தாலும் எனக்கும் அவள் ரொட்டியக்காதான். கணவன் போன பிறகு பத்து வருடம் அண்ணன் வீட்டில் ஏழு பேருக்குச் சமைத்துப் போட்டாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான்காவது வாரமே அண்ணன் வந்து, இனிமேல் உன் வழியைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். கட்டுப் போட்ட கையோடு வெளியே வந்தவள் ஒரு பேக்கரியில் சேர்ந்தாள். எங்களுக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கடைதான். கடையை மூடிய நாளில் கடைசிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "இங்க வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். வேலை இருக்கு, சம்பளம்தான் இல்லை என்றார் எங்களில் மூத்தவரான வாத்தியார். சம்பளம் கொடுத்த கடையே மூடிவிட்டதே என்று சிரித்தாள். மறுநாள் பையோடு வந்தாள். இது நடந்து ஆறு வருடம்.

எங்கள் வழக்கப்படி ஆறு வருடமும் வருடத்துக்கு ஒருமுறை வாக்குக் கொடுத்தாள். ஏழாவதில் கொடுப்பது ஆயுளுக்கும். அதற்கு ஒரு வாசகம் கூடுதலாக உண்டு: என் கைகளின் உழைப்பை இந்த மேசைக்குக் கொடுக்கிறேன். பால் தீய்ந்தது புதன்கிழமை. அவள் அதைச் சொல்ல வேண்டிய நாள் வருகிற ஞாயிறு.

இனி ரொட்டியின் கதை. இரண்டு மாதத்துக்கும் மேலாக அதில் உப்பு இல்லை. சில நாள் இரண்டு மடங்கு உப்பு. அவள் எப்போதும் அளந்து போடுகிறவள் அல்ல. கை அள்ளுவதுதான் அளவு, மாவில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தால் தீர்ந்தது. வாத்தியாரின் ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கும்படி நான் ஒருமுறை சொல்லியிருந்தேன். என் சொல்லைக் கேட்டுக் குறைத்திருக்கிறாள் என்று நினைத்து, பெரிய மனுஷித்தனமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். உப்புக் கரித்த நாட்களுக்கு என்னிடம் விளக்கம் இருக்கவில்லை, தேடவும் இல்லை. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இல்லாதவரைப் பற்றித்தான் நாங்கள் பேசுவதில்லையே. உப்பு சாரமற்றுப் போவதைப் பற்றிய பகுதி ஒருநாள் காலை வேத வாசிப்பில் வந்தது. பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புகை வெளியேற ஜன்னலைத் திறந்துவிட்டு அவளை முக்காலியில் உட்காரவைத்தேன். கண்ணை மூடு என்றேன். எதற்கு என்றாள். மூடு என்றால் மூடு என்றேன். காபித் தூள் டப்பாவை மூக்கடியில் பிடித்தேன். ஒன்றும் இல்லையே என்றாள். சோப்பைப் பிடித்தேன். கொஞ்சம் யோசித்து, "எலுமிச்சம்பழம்" என்றாள்.

"அடிச்சு விடாதே. நாக்கை நீட்டு."

சர்க்கரையும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். காய்ச்சலில் படுத்திருந்தாளே, அதிலிருந்து. எண்ணிப் பார்த்தேன், பதினோரு வாரம். அந்தக் காய்ச்சலில் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவளே நான்தான். காய்ச்சல் இறங்கியதும் வேலை முடிந்தது என்று போய்விட்டேன்.

"ஏன்டி சொல்லல?" என்றேன்.

"நீங்க யாராவது ரொட்டி நல்லால்லேன்னு சொன்னீங்களா? சொல்லல. அப்ப சரியாத்தான் வருது போலன்னு நெனச்சேன். போன வாரம் மெக்கானிக் தன் பங்கைக் கோழிக்குப் போடறதை ஜன்னல் வழியா பார்த்தேன்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கோழியும் திங்கல நர்சம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாளாம். சனிக்கிழமை, பெரியம்மா மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது. திரும்பி வருவதில்லை. பெரியம்மாவுக்கு மகளே கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதைக்கூட அவள் யோசிக்கவில்லை. ரொட்டி போடத் தெரியாத ரொட்டிக்காரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள், நீங்களாகப் போகச் சொல்வதற்குள் நானே போய்விடுகிறேன் என்றாள். அழவில்லை. விரலில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டே சொன்னாள். ஒருமுறை வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாக வரும்.

பிறகு நிமிர்ந்து, "இதை நீங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது. இல்லாதவங்களைப் பத்திப் பேச மாட்டோம்னு வாக்குக் கொடுத்திருக்கீங்க" என்றாள்.

என் கத்தியையே என் கழுத்தில் வைத்தாள். வைத்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வாக்குக்கு இரண்டு பாதி. முதல் பாதியைப் பத்துப் பேரும் ஒரு பிசகு இல்லாமல் காப்பாற்றியிருக்கிறோம், ஏனென்றால் அதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். முகத்துக்கு நேரே சொல்கிற பாதியை ஒருவரும் தொடவில்லை. அதற்கு அன்பு என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

"சரி, நீ இல்லாதப்ப பேச மாட்டேன். சாயங்காலம் சாப்பாட்டுக்கு உன் இடத்துல வந்து உட்காரு. உன் முன்னாடியே பேசறேன்."

வராமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்தான். ஏழு மணிக்கு வந்தாள். சூப், வேகவைத்த முட்டை, அந்த ரொட்டி. ஜெபம் முடிந்ததும் ஒரு வாய் கடித்துவிட்டுச் சொன்னேன்.

"ரொட்டியில உப்பு இல்ல. பதினோரு வாரமா சரியா இல்ல. நான் சொல்லாதது என் தப்பு. நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

முதலில் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். புது மாத்திரையால் தன் நாக்குதான் செத்துவிட்டது என்று நினைத்தாராம். இனி வாழ்நாளுக்கும் ருசி இல்லை, இதுவும் ஒரு சிலுவை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாராம். தையல்காரி ஏப்ரன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். உப்பு. அவள் கணவர் அதைப் பார்த்தார்.

"இத்தனை நாளா உப்பு வச்சிருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்க மட்டும்? ரொட்டி எப்படின்னு கேட்டப்ப அருமைன்னு சொன்னீங்களே. கோழிக்கு அருமையா?"

அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. ஒருவர் சூப்பில் ஊறவைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியிருக்கிறார், ஒருவர் பட்டினியை உபவாசம் என்று பெயர் மாற்றியிருக்கிறார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் ரொட்டியக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்கள், சுவரைப் பார்த்து அல்ல. அவள் தலை குனிந்து எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு எழுந்தாள்.

"எனக்கு மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. காய்ச்சல்லேர்ந்து. ஞாயித்துக்கிழமை அந்த வாசகத்தைச் சொன்னா அது பொய். மேசைக்குக் கொடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

மெக்கானிக்தான் சொன்னார்: "கையத்தானே அக்கா கேட்டோம். மூக்கையா கேட்டோம்?"

"நாலு வருஷமா நான் இந்த மேசைக்குக் கொடுக்கறது இருமல் மட்டும்தாம்மா," என்றார் வாத்தியார். "என்னை யாரும் அனுப்பல. உன்னை அனுப்பறதா இருந்தா, வரிசையில எனக்கு அப்புறம்தான் நீ."

அவள் உட்கார்ந்தாள். அழுதாள். நெடுநேரம் இல்லை, தேங்கியிருந்த குழாயில் அடைப்பு எடுத்தால் தண்ணீர் வருமே, அந்த அளவு. தையல்காரி அவள் முதுகில் கை வைத்தாள். நான் வைக்கவில்லை, எனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. எல்லோருக்கும் சொன்னேன்: போன வாசனை பெரும்பாலும் மெதுவாகத் திரும்ப வரும், சிலருக்கு வராது. திங்கட்கிழமை காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். அதுவரை உப்பைக் கரண்டியால் அளந்து போட வேண்டும், தையல்காரி மாவை ருசி பார்க்க வேண்டும். உப்பைவிட முக்கியமானது கேஸ். கசிந்தால் அவளுக்குத் தெரியாது. காலை நாலரைக்கு அவள் தனியாகத் தீக்குச்சி கிழிக்கிற அறையில் சிலிண்டர் இருக்கக் கூடாது. இதைச் சொன்னதும் மெக்கானிக்கின் முகம் மாறியது. ரொட்டியைக் கோழிக்குப் போட்டுவிடலாம், இதை என்ன செய்வது என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாளைக்கே வெளியே மாற்றிவிடுகிறேன், அதுவரை அடுப்பைத் தொட வேண்டாம் என்றார். நாளைக்கு வேலைக்கு வரவில்லை என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார்.

அன்று எல்லோரும் இரண்டாவது துண்டு ரொட்டி கேட்டு, உப்புப் பொட்டலத்தைக் கைமாற்றிச் சாப்பிட்டோம். தட்டுகளை அவள்தான் எடுத்தாள். பதினோரு வாரத்தில் முதல்முறையாகத் தோளைத் தளர்த்தி நடந்தாள் என்று எனக்குப் பட்டது. நானும் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மெக்கானிக் சமையலறைச் சுவரில் துளை போட்டார், நான் சிலிண்டரைப் பிடித்துச் சாய்த்து உருட்டிக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். புதுக் குழாய் மாட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. உள்ளே ரொட்டியக்கா கரண்டியால் உப்பை அளந்து போட்டுப் பிசைந்தாள். தையல்காரி ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டு, இன்னும் அரைக் கரண்டி என்றாள். போட்டாள். செய்தித்தாளோடு வந்த வாத்தியாரிடம், ஞாயிற்றுக்கிழமை ஆயுள் வாக்குக்கு என் பெயரையும் வாசியுங்கள் என்றாள். பிறகு கையில் மாவோடு கொல்லைப் பக்கம் வந்து, குழாயையும் சுவரையும் நின்று பார்த்தாள்.

"மெக்கானிக், முகத்துக்கு நேரே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. துளை கோணலா இருக்கு."

அவர் குழாயைக் கழற்றி, பழைய துளையைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டு, ஒரு சாண் தள்ளி, மறுபடியும் துளைத்தார்.