புறா பறந்த பேனர்

திருவிடந்தை பக்கத்துக் குப்பத்தில் வசிக்கும் வினிதாவுக்கு இருபத்திரண்டு வயது. படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரவேற்பு மேசையில் வேலை. ஆளில் பாதி கொரியாக்காரி, மீதிப் பாதி மீன் விற்கும் வச்சலாவின் மகள். இரண்டு பாதிக்கும் தினமும் காலையில் சண்டை நடக்கும்.

"இன்னாடி, மூஞ்சில வெள்ளையா ஒட்டிக்கினு கீற? காக்கா கூட கிட்ட வர மாட்டேங்குது."

"மாஸ்க்குமா. கொரியாவுல எல்லாரும் போடுவாங்க."

"அந்த ஊர்ல எவளும் மீன் கழுவ மாட்டாளா?"

வினிதாவைக் கெடுத்தது ஒரு கொரியப் படம். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டே திரிந்த ஐந்து பெண்கள், படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு கவலை என்று பிரிந்து, இருபது வயதில் ஒருத்தி போனை ஒருத்தி எடுக்காமல் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. வினிதா மூன்று முறை பார்த்து மூன்று முறையும் அழுதாள். அழுது முடித்து எண்ணிப் பார்த்தாள். பிளஸ் டூவில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது இரண்டே பேர், ஜெஸ்ஸியும் அன்பரசியும். அதில் ஜெஸ்ஸி போனை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

எடுக்க முடியாதபடி கூப்பிட்டது வினிதாதான். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு மூன்று பேரும் வீடியோ காலில் வர வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தாள். காலில் அவள் பேசும் விதம் ஒன்பதாம் வகுப்பு கணக்கு டீச்சரை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும்.

"ஜெஸ்ஸி! எங்க ஆள காணோம்? போன வாரமும் லேட்டு. டீம் லீடர் ஆயிட்டியா? எப்ப ஆவ? அன்பு, நீ ஏன் கேமராவ ஆஃப் பண்ணிகினு கீற?"

அன்பரசி ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள், பொறுமைசாலி. "ஹாஸ்டல்ல நைட்டியோட கீறேன்டி" என்பாள். ஜெஸ்ஸி சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுகிறவள். முதலில் காலுக்கு வராமல் கட்டைவிரல் பொம்மை மட்டும் அனுப்பினாள். அப்புறம் அதுவும் வரவில்லை.

இந்த நிலைமையில் அன்பரசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆனந்தன், வேன் ஓட்டுகிறவர். வரவேற்பு மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில். ஜெஸ்ஸி ஒரே வரி எழுதினாள்: 'லீவு இல்ல, சாரி.'

வினிதா அந்த வரியைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினாள். அன்பரசி கல்யாணத்துக்கே ஜெஸ்ஸி வரவில்லை என்றால் இனி எதற்குமே வர மாட்டாள். பஸ் கேளம்பாக்கத்தில் நின்றது. எதிரே பேனர் அடிக்கும் கடை. வினிதாவுக்கு ஞானம் பிறந்தது. அன்று இரவே அம்மாவிடம் விளக்கினாள்.

"அந்த படத்துல அவளுங்க ஏன் பிரிஞ்சி போனாளுங்க தெரியுமா? கொரியாவுல பேனர் வெக்கிற பழக்கம் இல்ல. நம்ம பசங்கள பாரு, ஒருத்தன் கல்யாணம்னா இருபது பேரு மூஞ்சிய போட்டு ரோட்டுல கட்றானுங்க. அப்புறம் எப்பிடி பிரிவானுங்க? ஊரே பாத்துட்ச்சே!"

"அப்பிடி கட்ன பசங்கதான் போன வாரம் வலைக்கு சண்ட போட்டுகினானுங்க" என்றாள் வச்சலா.

வினிதா காதில் வாங்கவில்லை. மறுநாள் கடையில் போய் நின்றாள். கடைக்காரர் ரமேஷ் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மூணு பொண்ணுங்களா? மகளிர் அணியா?"

"இல்லண்ணா, ஃபிரண்ட்ஸ்."

"யாருக்கு ஃபிரண்ட்ஸ்?"

"எங்களுக்கு நாங்களே."

ரமேஷ் தலையைத் தூக்கினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் பெண்கள் பேனரில் வந்தது மூன்று சமயங்களில்தான்: மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. ஃபிரண்ட்ஸ் என்று இருந்த டிசைன் எல்லாவற்றிலும் சிங்கம், கூலிங் கிளாஸ், பற்றி எரிகிற பைக். வினிதா ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றைக் காட்டினாள். நீல வானம், பஞ்சு மேகம், இரண்டு பக்கமும் தீபம், மேலே பறக்கிற வெள்ளைப் புறா.

"இது நல்லா கீதுண்ணா. கொரியன் படம் மாதிரியே கீது."

"அது வந்துமா... எழுத்த மட்டும் எடுத்துர்லாம்" என்றார் ரமேஷ். எழுத்தை எடுத்தார். 'நட்பின் சிகரங்கள்' என்று போட்டார். மூன்று வட்டத்தில் மூன்று முகம். நடுவட்டத்தில் ஜெஸ்ஸி, பிளஸ் டூ ஹால் டிக்கெட் போட்டோவில், சிரிக்காமல்.

வரவேற்பு அன்று மதியமே வினிதா மண்டப வாசலில் பேனரைக் கட்டிவிட்டாள். ஓடும் பஸ்ஸிலிருந்து எழுத்து தெரியாது. தீபம் தெரியும், புறா தெரியும், நடுவில் ஜெஸ்ஸி தெரிவாள். அதை பஸ்ஸில் பார்த்துவிட்டுப் போன ஜெஸ்ஸியின் பெரியம்மா மூன்று மணிக்குக் கோவளத்தில் அழ ஆரம்பித்தாள். நாலு மணிக்கு ஜெபக்குழு ஆறு பேர் ஜெஸ்ஸி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். சர்ச்சில் மணி அடிக்கும் கோயில் பிள்ளை, சாவு மணி எப்போது அடிக்கலாம் என்று கேட்டனுப்பினார். ஜெஸ்ஸியின் போனில் நாற்பத்தேழு அழைப்புகள்.

ஆறு மணிக்கு மண்டப வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"செத்துப் போனவ வந்துகீறேன்டி" என்று இறங்கினாள் ஜெஸ்ஸி. "மால எங்க?"

வினிதா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். ஜெஸ்ஸி பிடித்துத் தள்ளினாள்.

"எங்கம்மா மயங்கி வுழுந்துச்சு, தெரியுமா உனக்கு? பேனராடி இது?"

"நீ வர்லன்னு சொன்னியே! போன எடுக்க மாட்டேங்குற..."

"எடுத்தா இன்னா கேப்ப? டீம் லீடர் ஆயிட்டியா, எப்ப ஆவ, ஏன் லேட்டு. வாரா வாரம் அட்டென்டன்ஸ் எடுத்தியே, எப்பிடி கீறன்னு ஒருவாட்டி கேட்டியா? என்ன வேலய வுட்டு தூக்கி ரெண்டு மாசம் ஆவுதுடி. வூட்லயே இன்னும் தெரியாது. தெனம் ஹெட்செட்ட பையில போட்டுகினு கெளம்பி முட்டுக்காட்டு பாலத்தாண்ட போய் குந்திகினு கீறேன்."

படத்தில் இதற்கு வசனம் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா ஜம்புலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "யாரும்மா இத கட்னது? நல்ல காரியம் நடக்கிற எடத்துல வரவங்கள்லாம் யாரு தவறிட்டாங்கன்னு கேக்குறாங்க. அவுத்து போடு மொதல்ல!"

வினிதா ஒரு நாற்காலியில் ஏறினாள். தன் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்ததும் கடல் காற்றில் பேனர் படார் என்று மடங்கி அவள் மூஞ்சியில் அடித்தது. ஜெஸ்ஸி திட்டிக்கொண்டே இன்னொரு நாற்காலியில் ஏறி மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் இறங்கி ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தார்கள்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் வினிதா.

ஜெஸ்ஸிக்குக் கண் கலங்கியது.

"காலைல நாஸ்தா துன்னதுதான்."

உள்ளே போட்டோகிராபர் மைக்கில், "பொண்ணோட ஃபிரண்ட்ஸ் மேடைக்கு வாங்க, பொண்ணோட ஃபிரண்ட்ஸ்" என்று கோயில் அறிவிப்பு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார். யாரும் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அன்பரசியே வெளியே வந்துவிட்டாள்.

"என்ன மேடைல நிக்க வெச்சிட்டு இங்க இன்னாடி பேசிகினு கீறீங்க?"

"பொண்ணு! ஏம்மா பொண்ணு!" என்று பின்னாலேயே ஜம்புலிங்கத்தின் குரல்.

"தோ வரேன் மாமா, பத்து நிமிசம்" என்று சொல்லிவிட்டு, அன்பரசி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வினிதாவும் உட்கார்ந்தாள். கேட்க அவளிடம் ஒன்பது கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை.

ஜெஸ்ஸி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சரி, மொதல்லேந்து சொல்றேன்" என்றாள்.