திரையில் காலியாகத் தெரிந்த தெரு

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். கேமரா திரையில் தெரு காலியாகத் தெரிந்தது. திடீரென்று, வாசலில் நின்றிருந்த என் கணவர், "ஏட்டி, நிப்பாட்டு! பின்னால மாரியக்கா இருக்காவ!" என்று அலறினார்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். பக்கத்து வீட்டு மாரியக்கா, காயப்போட்ட உளுந்தைக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்கும் வண்டிக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. "ஒண்ணும் ஆகலம்மா, அழாத" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். திரையில் அப்போதும் காலித் தெருதான்! படம் அப்படியே உறைந்து போயிருந்தது.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். "இந்த மாடல் கேமராவுல கோளாறுன்னு கம்பெனியே இலவசமா மாத்தித் தருது. தகவல் பழைய ஓனருக்குப் போயிருக்கும்" என்றார்கள். நாங்கள் வாங்கியது பழைய கார். அன்றே புதுக் கேமரா பொருத்தி, என் செல்போன் எண்ணையும் பதிந்துகொண்டார்கள்.

கேமரா இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனாலும், வண்டிக்குப் பின்னால் போய் ஒருமுறை பார்க்காமல் நான் ரிவர்ஸ் எடுப்பதே இல்லை.