குட்டையாகிப் போன கன்றுகள்

மரம் குட்டையாகுமா? ஆகும். நான் என் கண்ணால் பார்த்தேன். கிள்ளானுக்கு அப்பால் ஒரு சேற்றுக் கரையில், கடைசியாக நான் அளந்தபோது இடுப்புயரத்தில் வாடிக்கொண்டிருந்த பதினேழாம் எண் அலையாத்திக் கன்று, அன்றைக்கு முழங்கால் உயரத்தில் பச்சைப் பசேலென்று நின்றது. அளவுக்கோலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன். கோல் பொய் சொல்லவில்லை.

அப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வு உதவியாளர். கடலோரச் சதுப்பு நிலத்தை மீட்பதற்கு ஒரு பெரிய கம்பெனி பணம் கொடுத்திருந்தது. நட்ட கன்று பிழைக்கிறதா, சேற்றில் நண்டு திரும்பி வருகிறதா என்று மாதாமாதம் பார்த்து எழுதுவது என் வேலை. ஒவ்வொரு கன்றிலும் எண் பொறித்த ஓர் அலுமினியத் தகடு தொங்கும். மனிதருக்கு ஐசி என்கிற அடையாள அட்டை மாதிரி, கன்றுக்கு அந்தத் தகடு.

கன்றுகள் செத்துக்கொண்டிருந்தன. நட்ட இடம் தாழ்வு. தண்ணீர் வடிவதற்குள் அடுத்த அலை ஏறிவிடும். பின்னால் கிடக்கும் பழைய மண்கரையை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டால் போதும், விதைகள் தாமாக மிதந்து வந்து மேட்டில் முளைக்கும். அடுத்த மூன்று வருடப் பணம் அதற்குத்தான் போக வேண்டும் என்று நான் அறிக்கையில் எழுதியிருந்தேன். ஆனால் மண்கரையை வெட்டினால் யார் போட்டோ எடுப்பார்கள்? கன்று நட்டால்தானே தொப்பி, டி-சட்டை, பல்லைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பது எல்லாம்.

திட்டத் தலைவரான பேராசிரியருக்கு அறிக்கை பிடிக்கவில்லை.

"இத அப்படியே குடுத்தா கம்பெனி குடுக்குற கிராண்ட் இதோட முடிஞ்சது லா. உனக்கும் கான்ட்ராக்ட் இல்ல, எனக்கும் லேப் இல்ல. கொஞ்சம் பாசிட்டிவா எழுதும்மா."

"செத்தத எப்படி ப்ரொஃப் பாசிட்டிவா எழுதுறது?"

சிரித்தார். மறுநாள் கூப்பிட்டு, வெயிலில் அலைந்தது போதும், இரண்டு மாதம் லேபிலேயே உட்கார்ந்து எழுது என்றார். அக்கறை என்று நினைத்தேன். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா?

இரண்டு மாதம் கழித்துப் போனபோதுதான் பதினேழாம் எண் குட்டையாகியிருந்தது. பதினெட்டும் அப்படித்தான். வரிசை முழுக்க அப்படித்தான். செத்ததைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றை ஊன்றி, பழைய தகட்டைத் தூக்கி அதில் மாட்டியிருந்தார்கள். காகிதத்தில் எதுவும் சாகவில்லை. எல்லாம் உயிரோடு, எல்லாம் அதே எண்ணில்.

தகட்டைக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது. தண்டு பருக்க இடம் விட்டு, இரண்டு விரல் நுழையும்படி வளையம் போட்டு, முனையை உள்பக்கம் மடக்கிய கட்டு. அது நான் கற்றுக்கொடுத்த கட்டு. அதைப் போடத் தெரிந்த வேறு கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது படகைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அந்த அண்ணன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். லீவு நாளில் எங்களுக்குப் படகோட்டுவார், சேற்றில் இறங்கி உதவுவார். ஒருமுறை இடுப்புவரை புதைந்துபோன என்னைப் பலகை போட்டு இழுத்தவர். நாசி லெமாக் சோறு வாங்கினால் எனக்கும் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குவார்.

"மிஸ், எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு," என்றேன், முகத்தைக்கூடப் பார்க்காமல். நீயும் அந்த ஆளோடு கூட்டா என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே கரைக்கு வந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வாரம் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் தலையாட்டினால் அடுத்த கட்டப் பணம் உறுதி. பிரிக்ஃபீல்ட்ஸில் என் வாடகை அறையில் அந்த ஏழு நாளும் நான் ஒன்றைத்தான் ஒத்திகை பார்த்தேன். எல்லார் முன்னாலும் பேராசிரியரின் மானத்தை வாங்க வேண்டும். கன்றுகூட அப்புறம்தான். முதலில் அவர் முகம் கறுப்பதைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். கம்பெனி மேடம் புத்தம் புதிய ரப்பர் பூட்ஸில் சேறு படாமல் பலகைமேல் நின்றாள். பேராசிரியர் கேமராவைப் பார்த்தபடி, "ஒன்ன அளந்து காட்டும்மா," என்றார்.

நான் பதினேழை அளந்தேன். பழைய உயரத்தையும் புதிய உயரத்தையும் சத்தமாகப் படித்தேன். பிறகு பதினெட்டு. பிறகு பத்தொன்பது. "இந்த மரமெல்லாம் ரெண்டு மாசத்துல குட்டையாயிருச்சு மேடம். ஏன்னு ப்ரொஃப்கிட்ட கேளுங்க," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த ஆளுக்கு வியர்க்கக்கூட இல்லை. படகின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, இந்தத் தகடெல்லாம் யாரு கட்டுனா?"

"நாந்தான் ப்ரொஃப். மிஸ் கேப்பாங்கன்னு நோட்டுல எழுதிகூட..."

"போதும்ணே. படக ரெடி பண்ணுங்க."

மேடத்திடம் ஆங்கிலத்தில் விளக்கினார். உள்ளூர் உதவியாள், படிப்பு போதாது, செத்த கன்றை மாற்றும்போது தெரியாமல் பழைய தகட்டையே மாட்டிவிட்டார், அடுத்த கட்டத்தில் சரியாகப் பயிற்சி கொடுத்துவிடலாம். மேடம் 'பயிற்சி' என்று குறித்துக்கொண்டாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எனக்கு என்ன தெரியும், என்னத்தைச் சொல்ல? கேட்டிருந்தால்தானே தெரிந்திருக்கும்.

கிராண்ட் கிடைத்தது. அதே தாழ்வில், அதே சேற்றில், இன்னும் அதிகமாகக் கன்று நடுவதற்கு. என் ஒப்பந்தம் நீளவில்லை; அது எதிர்பார்த்ததுதான். அண்ணனுக்குப் பதில் வேறு படகு அமர்த்தினார்கள். அவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். பிறகு அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசல் கேட்டுவரை வந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

"தகட்ட மாத்தச் சொன்னது யாருண்ணே?"

"நீங்கதான் மிஸ். ப்ரொஃப் அப்படித்தான் சொன்னாரு. மிஸ்ஸுக்கு வெயில் ஒத்துக்கல, செத்ததுக்குப் பதிலா புதுசு வெச்சு அதே நம்பரக் கட்டச் சொன்னாங்கன்னாரு. உங்களுக்கு எப்பவும் கணக்கு வேணுமேன்னு, செத்த நம்பர் ஒண்ணுவிடாம தேதி போட்டு எம்மவ நோட்டுல எழுதி வெச்சேன்."

கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்த சாட்சி முழுக்க அந்த நோட்டில் இருந்தது. அதை அனுப்பினால் பணத்தையே நிறுத்திவிடலாம், மண்கரையைப் பற்றி மறுபடி பேசலாம், இவர் பெயரையும் மீட்கலாம்.

"அந்த நோட்டு எங்கண்ணே?"

"அவுங்கள்லாம் வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே ப்ரொஃப் வந்தாரு. மிஸ் வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னாரு. குடுத்துட்டேன்."

"உங்கள அவ்ளோ பேரு முன்னால அப்படிப் பேசுனவரு. அவரு கேட்டா குடுத்துருவீங்களா?"

"அவருக்கா குடுத்தேன்? உங்க பேரச் சொன்னா நான் குடுத்துருவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு மிஸ். உங்களுக்குத்தான் தெரியல."