எரித்துவிட்டதாகச் சொன்ன மூட்டை

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு வேலை. ஒன்று அவன் தொழில். இன்னொன்று சாட்சிக் கையெழுத்து. தொண்ணூறுகளில் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு எதிரே நான் தையற்கடை வைத்திருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. அன்று அங்கே இருந்தவர்கள் பாதிப்பேர் ரிட்டயராகிவிட்டார்கள். என் கடையும் இப்போது அங்கே இல்லை.

போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அதை வெளியாள் இரண்டு பேர் நேரில் பார்த்ததாக எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கு மகஜர் என்று பேர். சம்பவம் நடந்த இடத்தில் வெளியாளைத் தேடிப் பிடிப்பது அவர்களுக்குத் தொல்லை. அதனால் ஸ்டேஷன் ரைட்டர் சாயங்காலத்தில் காகிதக் கட்டோடு சாலையைக் கடந்து என் கடைக்கு வருவார். நானும் பக்கத்து டீக்கடைக்காரரும் போட்டுக் கொடுப்போம். அந்த வட்டாரத்தில் திருடுபோன சைக்கிள், உடைந்த பூட்டு, பறிபோன சங்கிலி எல்லாவற்றையும் நாங்கள் இருவரும் கண்ணால் பார்த்ததாகத்தான் கோர்ட்டு ரெக்கார்டுகள் சொல்லும். இத்தனையையும் பார்த்துக்கொண்டு திரிந்தவன் எப்போது சட்டை தைத்தான் என்று ஒரு வக்கீலும் கேட்டதில்லை.

மகஜர் கன்னடத்தில் இருக்கும். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேச்சில்தான். படிப்பது எழுத்துக் கூட்டித்தான். ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே, படிக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ரைட்டர் விரல் வைத்த இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு மிஷினை மிதிப்பேன். ஸ்டேஷன்காரர்களின் காக்கி உடுப்பெல்லாம் என்னிடம்தான் தைக்க வந்தது. அவர்களிடம் 'கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன்' என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

ஒரு கோடையில் ஸ்டேஷன்காரர்கள் ஒரு லாரியை மடக்கி ஆறு மூட்டைக் கஞ்சா பிடித்தார்கள். பிடித்த சரக்கை வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்து, தையலின் மேல் அரக்கு முத்திரை வைப்பார்கள். தைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கோணி ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. காக்கித் துணிக்கு வைத்திருந்த நூலையே நான்காக முறுக்கித் தைத்தேன். வெள்ளைத் துணியில் காக்கி நூல் பார்க்க அசிங்கமாக இருந்தது. ஏட்டு பார்த்துவிட்டு, "கல்யாணப் புடவையா மாஸ்டர், போதும் உடு" என்றார். நான் இடது கைக்காரன். கையால் தைத்தால் என் தையல் மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். முழத்துக்கு ஒரு முடிச்சும் போடுவேன், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மிச்சத் தையல் நிற்கட்டும் என்று.

மழைக்காலம் தொடங்கியபோது ரைட்டர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"அந்த கஞ்சா எல்லாம் சுட்டு எரிச்சாச்சு மாஸ்டர். ஒரு சைன் பண்ணு."

"எங்க சார் சுட்டீங்க?"

"ஊருக்கு வெளிய. இங்க சுட்டா தெருவே மயங்கிப் போய்டும்."

நானும் சிரித்தேன். அப்போது ஒரு சட்டைக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருந்தேன். மிஷினிலிருந்து காலைக்கூட எடுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு தம்பி இருந்தான். தொம்மலூர்க்காரன், முப்பது வயது இருக்கும். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். என் மனைவிக்குப் பிரசவ வலி வந்த அன்று ஒக்கலிபுரத்தில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது என்று எல்லோரும் சொல்ல, ரிவர்ஸிலேயே வீட்டு வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தியவன். ஸ்டேஷனில் ஏதாவது வேலை என்றால் அவன் வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் முகம் சுளிக்காமல் போவான். எனக்கு எப்படிக் கையெழுத்தோ அவனுக்கு அப்படிச் சவாரி.

ஒரு காலை அவன் வண்டியில் ஒரு கான்ஸ்டபிள் ஒரு மூட்டையை ஏற்றி, ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் வருவான், கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினான். கான்ஸ்டபிள் பைக்கில் பின்னாலேயே வந்தான். வழியில் வேறு ஒரு போலீஸ் ஸ்குவாட் வண்டியை மடக்கியது. பைக் திரும்பிப் போய்விட்டது. மூட்டைக்குள் கஞ்சா.

ஸ்டேஷன்காரர்கள்தான் ஏற்றினார்கள் என்று தம்பி தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னான். பிடித்தவர்கள் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஒரு கன்னடப் பத்திரிகை எழுதியது: பிடிபட்ட கஞ்சாவை அரசாங்க ஆட்களே திரும்ப விற்கிறார்கள், மேல்வரை பங்கு போகிறது என்று. எதிர்க்கட்சி சத்தம் போட்டது. அரசாங்கம் ஒரு பெரிய அதிகாரியை விசாரணைக்கு நியமித்தது. எங்கள் தெருவில் எல்லோரும் இனி உண்மை வெளிவந்துவிடும் என்று பேசிக்கொண்டோம். தம்பி சீக்கிரம் வந்துவிடுவான் என்று டீக்கடையில் அடித்துச் சொன்னவன் நான்தான்.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. அரசு ஊழியர் எவருக்கும் இதில் சம்பந்தம் இல்லை, டிரைவர் தப்பிப்பதற்காகக் கட்டிய கதை என்று அது சொன்னது.

அதன் பிறகு ஒரு மத்தியானம் தம்பியின் மனைவி கடைக்கு வந்தாள். கையில் அவர்கள் வக்கீல் கொடுத்த அறிக்கை நகல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, இதுல இன்னா எழுதிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அந்த ஸ்டேஷன் சரக்கு மொத்தமும் எரிச்சாச்சாம். எரிச்ச கஞ்சா எப்பிடி ஆட்டோல வரும்னு கேக்கறாங்க. எரிச்சதுக்கு சாட்சி யாருன்னு பாருங்க."

அவள் விரல் வைத்த இடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். எதிர்க்கடைத் தையற்காரர், சுதந்திரமான சாட்சி, நேரில் பார்த்தவர். பக்கத்தில் டீக்கடைக்காரரும் இருந்தார்.

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

"இல்லம்மா."

"பின்ன ஏன் போட்டீங்க?"

"கன்னடம் படிக்க வராதும்மா. என்னான்னு தெரியாமப் போட்டுட்டேன்."

இது முக்கால் பொய். எரித்ததற்கான காகிதம் என்று ரைட்டர் வாயால் சொல்லித்தான் போட்டேன். அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "வேற யாரும் இல்லண்ணா, உங்க கையெழுத்துதான் அவர உள்ள வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஒரு பேன்ட்டை இரண்டு காலும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வீணாக்கினேன்.

வக்கீல் என்னை ஒரு வாய்தா நாளில் கோர்ட்டுக்கு வரச் சொன்னார். பிடிபட்ட மூட்டையை அன்று மேஜைக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் துணி, காக்கி நூல், எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல், முழத்துக்கு ஒரு முடிச்சு. அரக்கைச் சுரண்டியவர்களுக்குத் தையலைப் பிரிக்கச் சோம்பல். நான் எரிந்ததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட மூட்டை என் காலடியில் முழுசாகக் கிடந்தது.

அறிக்கையில் ஆட்சேபம் உள்ளவர்கள் மனு கொடுக்கலாம் என்று பேப்பரில் பொடி எழுத்தில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. வக்கீல் எழுதித்தர நான் கொடுத்தேன். கொடுத்த மூன்றாம் நாள் ஏட்டு கடைக்கு வந்தார். நல்ல மனிதர்தான். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர்.

"ஏன் மாஸ்டர், உனக்கு எதுக்கு இந்த ரகளை? பொய் சாட்சின்னா முதல்ல உள்ள போறது நீதான், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

பயந்துதான் இருந்தேன். வீட்டில் மனைவி, "வாபஸ் வாங்கிட்டு அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்ப?" என்று கேட்டாள். வாபஸ் வாங்காமல் இருந்ததற்கு நேர்மை பாதி காரணம் என்றால், மனைவிக்குப் பயம் பாதி.

விசாரணை ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தில், பீரோக்களுக்கு நடுவே நடந்தது. முதல் அறிக்கை எழுதிய அதே அதிகாரிதான்; வெள்ளைச் சட்டை, தங்கக் கண்ணாடி, அமைதியான குரல். மரியாதையாகவே பேசினார். நான் நடந்ததைச் சொன்னேன், கேட்டுக்கொண்டார். பிறகு கன்னடத்தில் கேட்டார்: "இந்தக் கையெழுத்து உங்களுடையதா?"

"ஆமாம் ஐயா."

"யாராவது அடித்தார்களா? மிரட்டினார்களா?"

"இல்லை ஐயா."

"பிறகு?"

"படிக்கத் தெரியாது ஐயா. சொன்ன இடத்தில் போட்டேன்."

"இதற்கு முன்பும் இப்படிப் போட்டதுண்டா?"

உண்டு என்றேன். எத்தனை தடவை என்றார். கணக்கில்லை என்றேன். பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அடித்தார்.

"அப்படியானால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்வது உங்களுக்கு வழக்கம். இன்று நீங்கள் சொல்வதை மட்டும் நான் ஏன் நம்ப வேண்டும்?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஐயா, மூட்டையை வரவழையுங்கள். ஒரு துணியும் ஊசியும் கொடுங்கள். உங்கள் கண் முன்னால் தைத்துக் காட்டுகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊரில் இடது கைக்காரர் நீங்கள் ஒருவர்தானா?" என்று கேட்டார். அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த மூட்டையை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

இறுதி அறிக்கையில் எனக்கென்று ஒரு பத்தி இருந்தது. இந்தச் சாட்சி நம்பத்தக்கவர் அல்லர் என்று அது தொடங்கியது. ஆனால் சம்பவத்தின்போது அவர் இட்ட கையெழுத்து நம்பத்தக்கது என்று முடிந்தது. ஒரே பத்தியில் இரண்டும். அந்த மனிதரைப் பழைய கோபத்தோடுதான் இன்னமும் நினைக்கிறேன். பொய் சாட்சி வழக்கு என் மேல் வரவில்லை. போட்டால் அந்தக் கையெழுத்து பொய் என்று அவர்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். காக்கி உடுப்புத் தைக்க வருவது மட்டும் நின்றது. டீக்கடைக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் ஸ்கூல் யூனிபாரம் பக்கம் போனேன்.

கஞ்சா வழக்கில் ஜாமீன் சுலபத்தில் கிடைக்காது. தம்பி நாலு வருஷம் உள்ளே இருந்தான். வழக்கு முடிந்தபோது சாம்பிள் எடுத்ததில் ஏதோ முறைகேடு என்று விடுதலை செய்தார்கள். தீர்ப்பில் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வரி இல்லை. என் தையலைப் பற்றியும் இல்லை. அதற்குள் இரண்டாயிரம் பிறந்திருந்தது. அரசாங்கத்தின் அறிக்கை அப்படியேதான் இருந்தது, இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.

வெளியே வந்து ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். பாதி ஆளாகியிருந்தான், முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. ஆட்டோ போய்விட்டது, வாடகை வண்டி ஓட்டப் போகிறேன் என்றான். காக்கிச் சட்டை ஒன்று தைக்க வேண்டும் என்று துணியை வைத்தான். அளவெடுத்தேன். தோள் அளவு குறைந்திருந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, நாலு வருஷமாக ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன்.

"மன்னிச்சுடு தம்பி. படிக்கத் தெரிஞ்சிருந்தா அந்தக் காகிதத்துல போட்டிருக்க மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"ஊட்டுக்காரி சொன்னா, நீ போய் ரொம்ப சண்ட போட்டியாமே. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெஜத்த சொல்லு. அன்னைக்கு அது தமிழ்லயே இருந்து, நீ முழுசாப் படிச்சிருந்தா? போட்டிருக்க மாட்ட?"

மிஷின் மேல் யாரோ ஒரு பையனின் அரை டவுசர் பாதியில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போட்டிருப்பேன்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "நானும் அப்படித்தாண்ணே. மூட்டைல கஞ்சான்னு சொல்லியே ஏத்தியிருந்தாலும் ஓட்டிக்கினு போயிருப்பேன்" என்றான். பிறகு எழுந்து, சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டான். நாளைக்கு என்றேன்.