போர்டில் எழுதிய ஐந்து தவறுகள்

சுரங்கத்துக்குள் வேலைக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நான் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். இரண்டு நாள் வகுப்பு. முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் கேட் பாஸ். மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்கு மேலே இருக்கும் வாடகை ஹாலில் நடக்கும். ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேர்.

முதல் சில வருடங்கள் ஸ்கிரீனில் வருவதை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். ஒருமுறை வகுப்பு முடிவில் "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "ஃபேன இன்னும் கொஞ்சம் வேகமா வெக்க முடியுமா மேடம்?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பெரியவர்களுக்குக் கற்பிப்பது பற்றி அஞ்சல் வழியில் ஒரு படிப்பில் சேர்ந்தேன். பாடங்கள் எனக்காகவே எழுதியதுபோல் இருந்தன. வளர்ந்தவர்கள் வெறும் கையோடு வகுப்புக்கு வருவதில்லை, வாழ்ந்த வாழ்க்கையைக் கொண்டு வருகிறார்கள், அதிலிருந்து தொடங்கு. நடந்ததைச் சொல்லவிடு, திரும்பிப் பார்க்கவிடு, அதிலிருந்து பாடத்தை அவர்களே எடுக்கட்டும், பிறகு செய்து பார்க்கட்டும். சரியான பதில் வந்தால் அந்த இடத்திலேயே பாராட்டு.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். ஸ்கிரீனைச் சுருட்டி வைத்தேன். "நீங்க பார்த்தது சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். பாம்புக்கடி, தீக்காயம், கிணற்றில் விழுந்தது என்று கதைகள் வந்தன. யாரும் தூங்கவில்லை. டீ வந்தும் பேச்சு நிற்கவில்லை. எனக்கு வேலை தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு மழைக்கால பேட்ச்சில், மின்சாரம் தாக்கினால் என்ன செய்வது என்ற பாடம். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயது, காலையிலிருந்து வாயே திறக்காதவர், கையைத் தூக்கினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பேசாதவரைப் பேசவைப்பதுதான் நல்ல பயிற்சியாளருக்கு அடையாளம் என்று படித்திருந்தேன்.

"எங்க தெருவுல ஒரு ஆளுங்க" என்று தொடங்கினார். "அவன் சம்சாரம் மழ விட்டதும் துணி காயப்போடப் போச்சிங்க. இரும்புக் கம்பி. வூட்டுலேர்ந்து பாத்ரூம் லைட்டுக்குப் போற ஒயரு தேய்ஞ்சி கம்பிமேல பட்டுகினு இருந்திருக்கு. புடவையப் போட்டதும் கை அப்படியே ஒட்டிக்கிச்சி."

"அந்த ஆள் என்ன செஞ்சாரு?"

"ஓடிப்போய்க் கையப் புடிச்சி இழுத்தான். அவனத் தூக்கி எறிஞ்சிடுச்சி. எழுந்து தெருவுக்கு ஓடினான், ஆளக் கூப்புட. அவங்க வந்து கட்டையால தள்ளிவுட்டாங்க. மூஞ்சில தண்ணி தெளிச்சாங்க. ஆட்டோல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போனாங்க. அங்க போனா, முடிஞ்சிடுச்சின்னாங்க."

இதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. மார்க்கரை எடுத்துக்கொண்டு வட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "அந்த ஆள் எங்கெங்க தப்பு பண்ணினாரு? சொல்லுங்க பார்ப்போம்."

ஆளாளுக்குச் சொன்னார்கள். வெறுங்கையால் தொட்டது. மெயின் சுவிட்சை அணைக்காதது. அணைக்காமல் தெருவுக்கு ஓடி நேரத்தை விட்டது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்காமல் தண்ணீர் தெளித்தது. ஆட்டோவில் மார்பை அழுத்தாமல் சும்மா தூக்கிப் போனது. ஐந்தையும் வரிசை எண் போட்டு எழுதினேன். பிறகு, பாடத்தை அவரே எடுக்கட்டும் என்று அவரிடமே திரும்பினேன்.

"நீங்களே சொல்லுங்கண்ணா. இதெல்லாம் சரியா செஞ்சிருந்தா அந்தம்மா பொழச்சிருப்பாங்களா?"

அவர் போர்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"பொழச்சிருக்கும் போல இருக்குங்க."

"ரொம்ப சரி!" என்றேன். எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். மற்ற இருபத்தொன்பது பேரும் அவருக்குக் கைதட்டினார்கள்.

மறுநாள் அவர் வரவில்லை. அதே பேட்ச்சில் அவர் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருத்தர், டீ இடைவேளையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், அது வேற யாரோ இல்ல. அவரு சம்சாரம்தான். மூணு வருஷம் ஆச்சி." டீயைக் கீழே வைத்துவிட்டு, "நாங்க யாரும் அவருகிட்ட அதப் பத்திப் பேசறதே இல்ல மேடம்" என்றார்.

அன்று மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியாது. பொம்மையை வைத்து மார்பு அழுத்தும் பயிற்சி. முப்பது அழுத்தம் எண்ணுவதற்குள் இரண்டு தடவை எண்ணிக்கையைத் தவறவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் வழி கேட்டு அவர் வீட்டுக்குப் போனேன். கல்லூரிக்குப் போகும் மகள் நாற்காலி போட்டாள். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மகளை, "வந்தவங்களுக்கு டீ வாங்கிகினு வாம்மா" என்று கடைக்கு அனுப்பினார். அவள் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்குத் தெரியாதுண்ணா. மன்னிச்சிடுங்க."

"நீங்க என்னா பண்ணுவீங்க மேடம். நாந்தான வேற ஆளுன்னு சொன்னேன். சொல்லிப் பாக்கணும்னு தோணிச்சி. அவ்ளோதான்."

"மெயினை அணைச்சிருந்தாலும் பொழச்சிருப்பாங்கன்னு யாராலயும் நிச்சயமா சொல்ல முடியாதுண்ணா."

"வகுப்புல அப்படிச் சொல்லலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "மூணு வருஷமா விதி விதின்னு சொல்லிகினு இருந்தேங்க. சாப்புட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். இப்பதான் தெரியுது, விதி இல்ல, நானுதான்னு. மெயினு வாசப்படிக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதத் தாண்டித்தாங்க தெருவுக்கு ஓடினேன்."

அதற்குள் மகள் டீயோடு வந்துவிட்டாள். அவர் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மெயின் விஷயம் அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறார் எனப் புரிந்தது. நானும் மழையைப் பற்றிப் பேசினேன்.

கிளம்பும்போது, "அடுத்த பேட்ச்சுல ரெண்டாவது நாள் மட்டும் வந்தாப் போதும்ணா, பாஸ் வந்துடும்" என்றேன். "பாக்கறேங்க" என்றார். வரவில்லை. அதற்கடுத்த பேட்ச்சிலும் வரவில்லை. திருப்பூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார், மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டைப் பூட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

இப்போதும் நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுகிறேன். அந்தப் பாடங்கள் பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் யாருடைய தவறையும் போர்டில் எழுதுவதில்லை. யாராவது "எங்க தெருவுல ஒருத்தர்" என்று தொடங்கினால், சொல்லி முடிக்கும்வரை கேட்கிறேன். அதைப் பாடமாக்காமல் விடுகிறேன். எல்லோரும் போன பிறகு அவர் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். சிலர் பேசுவார்கள். சிலர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொள்வார்கள்.

போன பொங்கலுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மகளும் கூட இருந்தாள். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். மகள், "அப்பா, இவங்கதான நம்ம வூட்டுக்கு வந்த டீச்சர்?" என்றாள். "ஆமாம்மா. நல்லா சொல்லிக் குடுப்பாங்க" என்றார் அவர்.

விருத்தாசலம் பஸ் வந்தது. அவர்கள் ஏறிக்கொண்டார்கள்.