மஞ்சள் துண்டில் இருந்த பெயர்

போன ஞாயிறு காலை இழுப்பறையிலிருந்து அந்தக் கறுப்பு பென்டிரைவை எடுத்தபோது அதன் முதுகிலிருந்த பசைத் தடம் விரலில் பிசுபிசுத்தது. ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்தவன் நான்தான்.

மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், இதய ஆபரேஷனுக்கு முந்தின வாரம் எங்கள் தாம்பரம் வீட்டில் உட்கார்ந்து தன் பத்து வயது மகளுக்காக ஒரு வீடியோ பதிவு செய்தார். அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் பார்க்கக் கூடாது. கோப்பைப் பூட்டும் கட்டளையைக் கறுப்புத் திரையில் அவரே தட்டினார். கடவுச்சொல்லை மட்டும் என்னைப் போடச் சொன்னார். பல்லாவரம் சந்தையில்கூட முதல் கடையில் எதையும் வாங்காத மனிதர். ஊரே போடும் ஏஇஎஸ் என்ற பூட்டு முறை வேண்டாமென்று, கமேலியா, ப்ளோஃபிஷ் என்று நீண்ட பூட்டுப் பட்டியலில் ஏதோ ஒன்றைப் பிடித்து, அதன் பெயரை மஞ்சள் காகிதத்தில் எழுதி ஒட்டினார். பூட்டின் பெயரை யாராவது வெளியே எழுதி வைப்பார்களா என்று பதறினேன். அவர் வழக்கம்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"பேரு தெரிஞ்சா திருடனுக்கு ஒரு லாபமும் இல்ல மாப்ள. மறந்துட்டா உங்களுக்குத்தான் பேஜார்."

எனக்குப் பயந்த சுபாவம். அவர் கிளம்பியதும் சுரண்டி எறிந்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் போனவர் திரும்பவில்லை.

போன ஞாயிறன்று அவர் மகளுக்குப் பதினெட்டு. வண்டலூரில் ரயிலேறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். நான் ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பூட்டு என்பதை அந்தக் கோப்பு தனக்குள் குறித்து வைப்பதில்லை. பெயர் தவறினாலும் கடவுச்சொல் தவறினாலும் வருவது ஒரே பிழை வரிதான். சரியான பெயரைத் தாண்டி வந்துவிட்டேனோ, கடவுச்சொல்லையே மறந்துவிட்டேனோ? உன் அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

சொல்லத்தான் வேண்டியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கோபப்படவில்லை. பர்ஸிலிருந்து ஒரு மஞ்சள் காகிதத் துண்டை எடுத்து நீட்டினாள். மச்சானின் கையெழுத்து.

"மாமா பயந்து கிழிச்சிடுவாரு, உங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்னு அப்பா குடுத்தாரு."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இனிப் பிழை வந்தால் பழி முழுக்க என் ஞாபகத்தின் மேல்தான். பெயரைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன், பிறகு கடவுச்சொல்லை. பிழை வரி வரவில்லை. வீடியோவை ஓடவிட்டதும், பேசுவதற்கு முன் மச்சான் தொண்டையைச் செருமுவது கேட்டது.

அவள் திரையைப் பார்த்தபடியே, அந்தத் துண்டை பென்டிரைவின் பசைத் தடத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.